லைனைத் திட்டும் முன்: மடிக்கணினி வைஃபையில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் வரிசை வீடுகள் பெரும்பாலும் ஒரே வாகுதான்: முன்னால் ஹால், நடுவில் அறைகள், கடைசியில் சமையலறை. ஃபைபர் வந்து இறங்கும் இடம் வாசல் பக்கம் என்பதால் ரௌட்டரும் அங்கேயே டிவிக்குப் பின்னால் ஒடுங்கிவிடும். பிள்ளை மடிக்கணினியோடு உட்காருவது பின்னறையில். நடுவே இரண்டு செங்கல் சுவர், ஓர் இரும்பு அலமாரி. படம் சுற்றத் தொடங்கியதும் பணம் கூட்டிக் கட்டிப் பெரிய பேக்கேஜுக்கு மாறுகிறோம். இருப்பதிலேயே செலவு வைக்கும் தவறு இதுதான்.

கோளாறு லைனிலா, காற்றிலா என்று முதலில் பிரியுங்கள். லேன் கேபிளை ரௌட்டரில் செருகி, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். முழு வேகம் வந்தால் லைன் மேல் குற்றமில்லை. 300 எம்பிபிஎஸ் லைனில் 94, 95க்கு மேல் ஏறவே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே 8 கம்பிகள். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். (சில பழைய மடிக்கணினிகளின் போர்ட்டே 100தான்.) டவுன்லோடில் 12 எம்பி என்று காட்டினால் பதற வேண்டாம், அது பைட் கணக்கு (ஒரு பைட் 8 பிட்). 8ஆல் பெருக்கினால் 96 எம்பிபிஎஸ்.

அடுத்தது அலைவரிசை. பல ரௌட்டர்களில் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர், மடிக்கணினி 2.4ஐப் பிடித்துக்கொண்டு விடாது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் எந்த பேண்ட், லிங்க் ஸ்பீட் எவ்வளவு என்று தெரியும். அங்கே பேண்ட் 2.4, லிங்க் ஸ்பீட் 72 எம்பிபிஎஸ் என்றிருந்தால் கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதிதான். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து 5இல் சேருங்கள். ஆனால் 5 சுவரைத் தாண்டத் திணறும். பின்னறையில் அது ஒற்றைக் கோடாகத் தேய்ந்தால் 2.4தான் மேல். அதில் சேனல் 1, 6, 11இல் ஒன்றை வையுங்கள். பக்கத்து வீட்டோடு மோதாமல் இருக்கட்டும் என்று 3, 4 வைப்பவர்கள் இரண்டு பக்க இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

சிக்னலே வராத அறையில் எக்ஸ்டெண்டரை (வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) செருகுவது, காய்ந்த குழாய்க்கு அடியில் வாளி வைக்கிற கதை. பாதி வழியில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவு ரகம் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

ஃபைபர் எட்டாத தோட்ட வீடுகளில் சிம் ரௌட்டருக்குக் கணக்கே வேறு. அதை வீட்டு நடுவில், தகரக் கூரைக்குக் கீழ் வைத்தால் கோபுரத்து அலை உள்ளே வராது. ஜன்னலோரம் வைத்து, ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் கோபுரத்து சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பாருங்கள்: -80 அருமை, -110 என்றால் இடத்தை மாற்றுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் நகர்த்திப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் இல்லை.

யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மட்டும் 2.4 தடுமாறினால், குற்றவாளி அந்த டிஸ்க்கும் அதன் வயரும்தான், தள்ளி வையுங்கள். ரௌட்டரின் பாதுகாப்பு டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையில் இருந்தால் வேகம் 54ஐத் தாண்டாது, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

நெட்வொர்க் ரீசெட்டை எடுத்த எடுப்பில் அழுத்தாதீர்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அத்தனையும் போய்விடும். அழுத்தியே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.