குளிர் ஊரில் ஹாட் டப் வாங்கப் போகிறீர்களா, முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள்

ஹாட் டப், அதாவது வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டி, விற்கும் இடத்துக்குப் போனால் முதலில் காட்டுவது தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் எத்தனை, விளக்கு எத்தனை நிறத்தில் எரியும், ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதைத்தான். வருஷத்தில் நாலைந்து மாதம் வெளியே வைத்த தண்ணீர் உறைந்துபோகும் ஊரில் இருப்பவர் அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு நேரே போய் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பலர் ஜக்குஸி என்றே சொல்கிறார்கள், அது ஒரு கம்பெனியின் பெயர். அதை மட்டும் தேடினால் மற்றவர்கள் செய்யும் நல்ல டப் கண்ணில் படாமல் போய்விடும்.

ஏன் மூடி என்றால், டப்பிலிருந்து சூடு வெளியேறுவதில் பெரும்பங்கு மேல்வழியாகத்தான். நல்ல மூடி நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும், மழைத்தண்ணீரும் உருகிய பனியும் தேங்காமல் வழிந்தோட அந்தச் சரிவு. சாதாரணமாக நடுவில் 4 இஞ்ச் ஃபோம் வைத்துத் தருவார்கள். பனி கொட்டும் ஊர் என்றால் 5 அல்லது 6 இஞ்ச் கேளுங்கள், கூடக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுங்கள். அடுத்து மடிப்பு. மூடி இரண்டாக மடியும் இடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஃபோம் வைத்து அடைத்திருக்க வேண்டும். எங்கள் முதல் டப்பில் அந்த இடத்தில் வெறும் துணி மட்டும்தான் இருந்தது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் மடிப்பின் இரண்டு முனையிலும் நூல் நூலாக ஆவி போய்க்கொண்டிருக்கும், காலையில் மூடி முழுக்க வெள்ளைவெளேரென்று பனி கிடக்க, நடுவில் மட்டும் கோடு கிழித்தாற்போல் பனி உருகி ஈரமாகத் தெரியும். அந்தக் கோடுதான் எங்கள் கரண்ட் பில். உள்ளே இருக்கும் ஃபோமை ஆவி புகாத பிளாஸ்டிக்கில் நன்றாகச் சுற்றி ஒட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஃபோம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை உறிஞ்சி, சில வருஷத்தில் ஒரு ஆள் தூக்க முடியாத கனமாகிவிடும், நனைந்த ஃபோம் சூடு வெளியேறுவதையும் தடுக்காது.

அப்புறம் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், இவ்வளவு பணம் போட்டு வாங்குகிறவர் உள்ளே பார்ப்பதில் தப்பே இல்லை. சில டப்பில் தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே இடமே தெரியாமல் ஃபோம் நிரப்பியிருப்பார்கள். சிலவற்றில் பலகையின் உள்பக்கம் மட்டும் ஒரு அடுக்கு ஒட்டி, நடுவில் காற்று இருக்கும். நிரப்பியதில் பைப் ஒழுகினால் ஃபோமைத் தோண்டித் தோண்டித் தேட வேண்டும், அது உண்மையிலேயே தொல்லை. ஆனாலும் கடுங்குளிருக்கு என் ஓட்டு நிரப்பியதற்குத்தான், பைப்புகளும் அசையாமல் நிற்கும். எந்த வகையானாலும் அடிப்பாகம் மூடியிருக்கிறதா, பம்ப் இருக்கும் பக்கத்தில் பலகை இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

மாதம் இவ்வளவுதான் கரண்ட் ஆகும் என்று ஒரு எண் சொல்வார்கள். அந்த எண் எந்த வெளிக்குளிரில் எடுத்தது என்று கேட்பது முக்கியம். அமெரிக்காவில் டப் சும்மா சூடாக நிற்க எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளக்கும் சோதனை 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் வெளிச்சூட்டை வைத்துத்தான் நடக்கிறது. தண்ணீர் 39, வெளியே 15 என்றால் வித்தியாசம் 24 டிகிரி. உங்கள் ஊரில் மைனஸ் 20 என்றால் அது 59. சூடு வெளியேறும் வேகம் அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது, அதனால் சொன்ன எண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வீசும் இடமென்றால் இன்னும் கூடும்.

ஹீட்டருக்கு வருவோம். 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1.16 யூனிட் கரண்ட் வேண்டும், எந்தக் கம்பெனியும் இதை மாற்ற முடியாது. 1,200 லிட்டர் டப்பை 10 டிகிரியிலிருந்து 38க்குக் கொண்டுவர 39 யூனிட் ஆகிறது. 5.5 கிலோவாட் ஹீட்டர் அதை 7 மணி நேரத்தில் செய்யும், 1.5 கிலோவாட் ஹீட்டருக்கு 26 மணி நேரம், அதுவும் வழியில் சூடே போகவில்லை என்று வைத்துக்கொண்டால். சாதாரண பிளக்கில் சொருகும் டப்பின் தொல்லை இங்கேதான். பலவற்றில் ஜெட் வேகமாக ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும், இரண்டும் சேர்ந்து ஓட அந்த லைனில் கரண்ட் போதாது. மூடி திறந்திருக்கும் அரைமணி நேரத்தில் தண்ணீர் ஆறிக்கொண்டே வரும், நீங்கள் போனபிறகு திரும்பச் சூடேற இரவெல்லாம் ஆகும். அதனால் தனி லைன் இழுத்து 4 முதல் 5.5 கிலோவாட் வரை ஹீட்டர் உள்ளதாக வாங்குங்கள். காற்றடித்து ஊதிப் பெரிதாக்கும் டப் நடுக்குளிருக்கு வேண்டாம், அவற்றில் பலவற்றை 4 டிகிரிக்குக் கீழே பயன்படுத்தாதீர்கள் என்று செய்தவர்களே எழுதித்தான் தருகிறார்கள். விறகு எரித்துச் சூடேற்றும் மரத்தொட்டி அழகுதான், எப்போதாவது குளிக்கும் மலைவீட்டுக்குப் பொருந்தும். தினமும் பத்து நிமிஷம் இறங்கலாம் என்று நினைப்பவருக்கு அது சரிவராது, குளித்து முடித்ததும் வடித்துவிடாவிட்டால் உறைந்துவிடும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், ஜெட்டில் குமிழி வருவதற்கு மேலே ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துத் தண்ணீரில் கலக்கும். மைனஸ் 15இல் அது மைனஸ் 15 காற்று. குளிர்காலத்தில் அதை மூடியே வையுங்கள், அருவிபோல் கொட்டும் வசதி இருந்தால் அதையும். குமிழி குறையும், தண்ணீரின் தள்ளும் கொஞ்சம் குறையலாம். ஜெட் எண்ணிக்கையையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பம்பில் வலு இல்லாமல் ஐம்பது ஜெட் வைத்தால் ஐம்பதும் மெலிசாகத்தான் வரும்.

உறைதல் என்றால் பயம் தொட்டியைப் பற்றியதல்ல, பைப்பைப் பற்றியது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும், மெல்லிய பைப்பும் பம்ப் இணைப்பும் முதலில் விரிசல் விடும். நாள் முழுக்க மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் சின்ன பம்ப் தனியாக இருந்தால் அது தண்ணீரைத் தள்ளும் பைப்பில் தண்ணீர் நிற்காது. குளிர் கூடும்போது தானே பம்பை ஓடவைக்கும் பாதுகாப்பும் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் போனுக்குச் செய்தி வரும் வசதியை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள், வெளியூர் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் விடுங்கள், நன்றாக இன்சுலேஷன் செய்த டப் ஒரு நாளாவது தாங்கும். அதற்கும் மேல் நீண்டால் எந்த வழியாக வடிப்பது, எந்த இணைப்பைக் கழற்றுவது என்று வாங்கும் அன்றே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கடையில் காலி டப்பில் ஏறி உட்காருங்கள். தண்ணீர் மட்டம் எதுவரை வரும் என்று கேட்டு, அந்தக் கோடு உங்கள் தோளுக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். வெயில் ஊரில் தோள் வெளியே இருந்தால் சுகம். குளிர் ஊரில் நெஞ்சுவரை வெந்நீரும் ஈரத்தோளில் பனிக்காற்றும் என்றால் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவீர்கள். காதை மூடும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்து, முகத்தில் மட்டும் பனித்துகள் விழும் அந்தச் சுகத்துக்காகத்தானே இவ்வளவும். எட்டுப் பேர் டப் என்று பெரிதாக வாங்கிவிட்டு இருவர் மட்டும் குளிப்பது வீண், தண்ணீர்ப் பரப்பு கூடக்கூட சூடும் போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டுக் கதவிலிருந்து சில எட்டு தூரத்தில், காற்றுக்கு மறைவாக, கூரையிலிருந்து பனி சறுக்கி விழாத இடமாகப் பாருங்கள். பலகையைக் கழற்ற ஒருபக்கம் ஆள் குந்தி உட்காரும் அளவு இடம் விடுங்கள். மின் இணைப்பை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், மின்கசிவு இருந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு. சூடு 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும், குடித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது.

தண்ணீரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். உறைபனியில் வடித்து நிரப்புவது ஆபத்தான வேலை, அதனால் குளிர் இறுகுவதற்கு முன் புதுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். டப் வந்து இறங்கும் தேதியையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். 1,200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ, தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் ஒன்றரை டன் தாண்டும். மரத்தளம் என்றால் அந்த எடையைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். தரையில் என்றால் நன்றாக இடித்து இறுக்கிய சரளையின் மேல் 10 சென்டிமீட்டராவது காங்கிரீட் வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கினால் மண் உறைந்து மேலே தூக்கித் தளத்தைச் சாய்த்துவிடும். மண் உறைந்தபின் அந்த வேலை நடக்காது, அதனால் டப்புக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் காங்கிரீட் போடுகிறவரிடம் தேதி வாங்குங்கள்.