சமுதாயச் சமையற்கூடத்தை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர் குழுவுக்கு

நகரக் குடியிருப்பு ஒன்றில் இயங்கும் சமுதாயச் சமையற்கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் முதல் நாளே வினாநிரலைக் கையில் எடுத்துக்கொண்டு, உணவுக்காக வரிசையில் நிற்பவர்களிடம் போய்விடுகின்றன. இதைவிடத் தவறான தொடக்கம் வேறில்லை. பசியோடு தட்டேந்தி நிற்பவர், கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் தட்டு நிறையாதோ என்று ஒரு கணமாவது அஞ்சுவார். அந்த அச்சத்தில் பிறக்கும் பதில் ஆய்வுக்கும் உதவாது, அவருடைய தன்மானத்தையும் காயப்படுத்தும். உண்ணும் உணவுக்கு விலையாக யாரும் பதில் சொல்லும் நிலை வரக்கூடாது என்பதை ஆய்வின் முதல் விதியாகக் கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் பலவும் அந்த விதியிலிருந்து வருபவைதாம்.

களத்துக்குப் போவதற்கு முன் எந்த வகைச் சமையற்கூடத்தை ஆராய்கிறீர்கள் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் நடத்திய பொது உணவகங்கள் 1943-இல் 2,000-ஐத் தாண்டியிருந்தன. அங்கே உண்டவர்கள் குறைந்த விலை கொடுத்து வாங்கி உண்டார்கள். பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய மக்கள் உணவுக்கூடங்களில், அந்தந்தப் பகுதிப் பெண்களே குழுவாகச் சேர்ந்து முறைவைத்துச் சமைத்தார்கள். கனடாவின் மான்ட்ரியலில் 1980-களில் தொடங்கிய கூட்டுச் சமையல் குழுக்களிலோ, சில குடும்பத்தினர் ஒன்றாகத் திட்டமிட்டுச் சமைத்து, பங்கிட்டு, வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். முதல் வகையில் உண்பவர் வாடிக்கையாளர். இரண்டாவதில் அவர் உறுப்பினராகவும் இருக்கலாம். மூன்றாவதில் சமைப்பவரும் உண்பவரும் ஒருவரே. ஒரு வகைக்குப் பொருந்தும் கேள்வி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். "சமையற்கூடத்தால் மக்கள் அடையும் நன்மைகள்" என்ற தலைப்பில் தொடங்கும் குழு, யாவரும் முன்பே அறிந்ததை எழுதி முடிக்கும். "மதிய வேளையில் வருபவர்களில் எத்தனை பேர் வீட்டிலிருக்கும் பிறருக்காகவும் உணவு வாங்குகிறார்கள், அந்தப் பிறர் ஏன் நேரில் வருவதில்லை?" என்று கேட்கும் குழு, முதியோரின் நடை, பணிநேரம், வெட்கம், பேருந்து வசதி ஆகியவற்றுக்குள் தானாகவே நுழைந்துவிடும்.

அடுத்தது அனுமதி. உங்கள் கல்வி நிறுவனத்தின் ஆய்வு நெறிக்குழுவிடம் ஒப்புதல் பெற்ற பிறகே சமையற்கூட ஒருங்கிணைப்பாளரை அணுகுங்கள். அவர் சம்மதித்தால் கட்டடத்துக்குள் நுழையலாம், அவ்வளவுதான். அங்கிருக்கும் ஒவ்வொருவரின் சம்மதமும் அதில் அடங்காது. மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்காவில் 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை, மனிதர் மீதான மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்ற மூன்று நெறிகளை வகுத்தது. இதில் நீதி என்பது, எளிதில் கிடைக்கிறார்கள் என்பதற்காக வறியவர்களையே திரும்பத் திரும்ப ஆய்வுப் பொருளாக்கக் கூடாது என்பதையும் உள்ளடக்கியது. சமையற்கூடத்துக்குப் போகும் குழு இதை மறக்கக் கூடாது. ஒப்புதல் கேட்கும்போது, மறுத்தாலும் உணவில் எந்த மாற்றமும் இராது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பரிமாறுபவரைக் கொண்டு ஆட்களை அழைத்துவரச் செய்யாதீர்கள். கரண்டி பிடித்திருப்பவர் கேட்டால் யாராலும் மறுக்க முடியாது. முகம் தெரியும் படங்கள் வேண்டவே வேண்டாம்.

உள்ளே போனதும் உடனே கேள்வி கேட்காமல் வேலை செய்யுங்கள். இரண்டு வாரம் காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, மேசை துடைத்த குழுவுக்குத் தெரிவது, நான்கு நாள் நேர்காணல் எடுத்த குழுவுக்குத் தெரியாது. இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். கழுவுதொட்டியின் அருகே நின்றால், எந்த உணவு தட்டில் மிஞ்சி வருகிறது, யாருடைய தட்டு துடைத்ததுபோல் வருகிறது, அடுப்பிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்க எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள், அந்த நேரத்தில் ஒருவர் வராவிட்டால் யார் முதுகு அதைத் தாங்குகிறது என்பதெல்லாம் கண்ணில் படும். அறிக்கைகளில் உண்பவர்கள் எப்போதும் இடம்பெறுகிறார்கள். விடியலில் வந்து அடுப்பு மூட்டியவரோ ஒரு வரியில் முடிந்துபோகிறார். அவருடைய வேலைநேரத்தையும் பதிவு செய்யுங்கள்.

உணவுப் பாதுகாப்பையும் கவனிக்கலாம். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாகப் பரிமாறுவது 60 பாகை செல்சியசுக்கு மேலும் குளிரவைப்பது 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. குறை ஏதும் கண்டால் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அறிக்கையில் எழுதலாம் என்று காத்திருப்பது பொறுப்பற்ற செயல்.

எண்ணுவது எளிதென்று தோன்றும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் இடறுகின்றன. பரிமாறும் மேசையோரம் கிடக்கும் பதிவேட்டைப் பாருங்கள்: நான்கு நேர்கோடு, குறுக்கே ஒரு சாய்கோடு என்று பென்சிலால் ஐந்தைந்தாகக் குறித்திருப்பார்கள். ஒரு பெண் மூன்று டப்பாக்களை நீட்டும்போது சிலர் ஒரு கோடு போடுவார்கள், சிலர் மூன்று. இரண்டாம் முறை வந்து வாங்குபவருக்கு மறுபடியும் ஒரு கோடு விழும். மாத இறுதியில் கூட்டினால் கிடைப்பது ஆட்களின் எண்ணிக்கையா, தட்டுகளின் எண்ணிக்கையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வந்த ஆட்கள், பரிமாறிய பங்குகள், எடுத்துச் சென்ற பொட்டலங்கள் என மூன்றையும் தனித்தனியே, அரைமணிக்கொரு முறை, வாரத்தின் வெவ்வேறு நாள்களில் நீங்களே எண்ணுங்கள். மாதத் தொடக்கத்தையும் மாதக் கடைசியையும் விட்டுவிடாதீர்கள். கையில் காசு தீரும் நாள்களில் வரிசையின் நீளமே மாறும்.

நேர்காணலை உணவு முடிந்த பிறகு, வரிசை கண்ணில் படாத இடத்தில், இருவராக நடத்துங்கள்; ஒருவர் பேச, மற்றவர் குறிக்கட்டும். "வழக்கமாக எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும், "நேற்று இரவு?" என்று கேட்டால் நடந்தது வரும். உணவுப் போதாமையை அளக்க, உலக உணவு வேளாண்மை அமைப்பு உருவாக்கிய 8 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. சொந்தமாகக் கேள்விகளை இட்டுக்கட்டுவதைவிட அதைச் சொல் மாற்றாமல் பயன்படுத்துவது நல்லது, ஏனெனில் ஒப்பீடு செய்ய முடியும். வருபவர்களோடு நிறுத்திவிடாமல், வருவதை நிறுத்தியவர்களையும், அடுத்த தெருவிலேயே வசித்தும் ஒருபோதும் வராதவர்களையும் தேடிப் பேசுங்கள். வரிசையில் நிற்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு, பகுதி முழுவதன் பசியைப் பற்றி முடிவு சொல்ல முடியாது.

களக்குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதுவது பாதி கற்பனையாகிவிடும். பார்த்தது ஒரு பத்தி, அதைப் பற்றி நினைத்தது வேறொரு பத்தி என்று பிரித்து எழுதுங்கள். பெயர்களுக்குப் பதில் எண்கள் இடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாளைக் குழுவில் ஒருவர் மட்டும் தனியே வைத்திருக்கட்டும். நேர்காணல்களை வகைப்படுத்தும்போது இருவர் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்பதை எண்ணால் காட்ட, அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹென் 1960-இல் முன்வைத்த கப்பா கெழு இருக்கிறது; எங்கே வேறுபட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசுவது அந்த எண்ணைவிடப் பயன் தரும்.

அறிக்கையைக் கல்லூரியில் ஒப்படைப்பதற்கு முன்பே அதன் சாரத்தை ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி, சமையற்கூடத்தில் வேலை ஓய்ந்த நேரத்தில் வாசித்துக் காட்டுங்கள். சமைப்பவர்கள் "அப்படியில்லை" என்று மறுக்கும் இடங்கள் இருக்கும். அவற்றை அழித்துவிடாமல், உங்கள் முடிவின் பக்கத்திலேயே அவர்களுடைய மறுப்பையும் எழுதி, அதன் பிறகு ஒப்படையுங்கள்.