ரூஸ் பக்கத்தில் வீடு தேடாதீர்கள்

சிட்னிக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "பிள்ளை எந்த வகுப்பு? ரூஸுக்கு எழுத வைக்கிறீர்களா?" ரூஸ் என்றால் கார்லிங்ஃபோர்டில் இருக்கிற ஜேம்ஸ் ரூஸ் வேளாண் உயர்நிலைப்பள்ளி. உடனே பதறிப்போய் கார்லிங்ஃபோர்டில் வாடகை விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். எதிர்வீட்டிலேயே குடியிருந்தாலும் தேர்வெழுதி இடம் வாங்கித்தான் அங்கே போக முடியும். டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே பக்கத்தில் உள்ள கிரவீன் உயர்நிலைப்பள்ளியும் இதே கதைதான், செலக்டிவ், அதாவது தேர்வு வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள்.

ரூஸ் 1959-ல் தொடங்கிய அரசுப் பள்ளி. பெயருக்குரியவர் 1788-ல் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதல் கப்பல்களில் வந்த ஒரு கைதி. பாரமட்டாவில் கொடுத்த நிலத்தில் பயிர் வைத்து, தன் உணவைத் தானே விளைவித்துக் காட்டியவர். அதனால் இன்றும் அங்கே பத்தாம் வகுப்பு வரை விவசாயம் கட்டாயம். டாக்டர் கனவோடு சேர்த்துவிட்ட பிள்ளை மண்ணையும் மாட்டையும் பற்றிப் படித்துக்கொண்டு வரும்போது சில பெற்றோர் முழிப்பதைப் பார்க்க வேண்டுமே!

1996 முதல் 2022 வரை, 27 வருடம் எச்.எஸ்.சி. (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) தரவரிசையில் விடாமல் முதலிடம். பள்ளியின் பேரெல்லாம் அதில் வந்ததுதான். 2023-ல் நார்த் சிட்னி பாய்ஸ் என்ற இன்னொரு செலக்டிவ் பள்ளி அதைத் தட்டிப் பறித்தது. ஆனால் இந்தத் தரவரிசையை அரசு போடுவதில்லை. ஒரு பாடத்தில் 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கியவர்களின் பட்டியல் வெளிவரும், அதை எண்ணிப் பத்திரிகைகள் போடுகிற கணக்கு இது. 60-ல் தத்தளித்த பிள்ளையை 85-க்குத் தூக்கிவிட்ட பள்ளி அதில் எங்குமே தெரியாது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்துச் சேர்த்த பள்ளி முதலிடம் வருவதில் ஆச்சரியம் என்ன?

சரி, எழுத வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் தேதியைக் கவனியுங்கள். தேர்வு ஆறாம் வகுப்பில், மே மாதம். விண்ணப்பமோ ஐந்தாம் வகுப்பு முடிகிற சமயத்திலேயே திறந்து பிப்ரவரியில் மூடிவிடும், ஜனவரியில் வந்து இறங்குகிற குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். வாசிப்பு, கணிதம், சிந்தனைத் திறன், எழுத்து என நான்கு பகுதிகள். முக்கியமாக, தற்காலிக விசாவில் இருந்தால் இடம் கிடையாது, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) அல்லது குடியுரிமை வேண்டும், நியூசிலாந்துக் குடிமக்களுக்கும் உண்டு.

மற்ற அரசுப் பள்ளிகளுக்குத்தான் முகவரி முக்கியம். வீட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் அது எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று கல்வித்துறையின் ஸ்கூல் ஃபைண்டரில் பாருங்கள், ஒரே தெருவில்கூட இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு என்று இருக்கும். அப்புறம் நேரில் போய்ப் பேசுங்கள். ரேங்க் என்ன என்று கேட்காமல், பிள்ளைக்குப் பிடித்த பாடம் பதினொன்று, பன்னிரண்டில் அங்கே உண்மையிலேயே நடக்கிறதா என்று கேளுங்கள். எடுக்க ஆள் குறைந்தால் சில பாடங்களை நடத்த மாட்டார்கள்.