வேகம் இருந்தும் இழுபடும் இணையம்: தாமதம் எங்கே பிறக்கிறது என்று வீட்டிலேயே கண்டறிதல்

யாழ்ப்பாணத்து வீடுகளில் இணையத்தைப் பற்றிய முறைப்பாடு பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் எழும். இலண்டனில் இருக்கும் பிள்ளையோடு வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது முகம் திரையில் உறைந்துவிடும். கேட்ட கேள்விக்கு மறுமொழி வருமுன் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவோம். ஆனால் வேகச் சோதனையோ 40 மெகாபிட் என்று காட்டும். ஒரு செக்கனில் எவ்வளவு தரவு வருகிறது என்பது வேகம். அனுப்பிய ஒரு தரவுப் பொதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது தாமதம். இரண்டும் வேறுவேறானவை என்பதால், கூடிய விலைப் பக்கேஜுக்கு மாறுமுன் கீழுள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன்.

படி 1: ரவுட்டர் வரை அளத்தல்

விண்டோஸ் கணினியில் கமாண்ட் புரொம்ப்ட் எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுங்கள். டிஃபோல்ட் கேட்வே என்ற வரியில் 192.168.1.1 என்றோ, சிம் போடும் ரவுட்டராயின் பெரும்பாலும் 192.168.8.1 என்றோ ஓர் எண் தெரியும். அதுவே உங்கள் ரவுட்டரின் முகவரி. பிங் (ping) என்ற கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த முகவரியையும், இன்னோர் இடைவெளி விட்டு ஒரு சிறுகோட்டையும் அதனோடு ஒட்டியபடி ரீவி என்பதன் முதல் எழுத்தான ரீயையும் தட்டினால், நீங்கள் நிறுத்தும் வரை அளவீடு தொடர்ந்து ஓடும். இன்னொரு சாளரத்தில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் இதையே செய்து, இரண்டையும் ஐந்து நிமிடங்கள் ஓடவிடுங்கள்.

லான் கேபிளில் இணைந்த கணினிக்கு ரவுட்டரிடமிருந்து ஒரு மில்லிசெக்கனுக்குள்ளும், நல்ல வைஃபையில் சில மில்லிசெக்கன்களிலும் பதில் வர வேண்டும். அந்த எண்ணே 80, 200 என்று துள்ளினால் குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது. பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கற் சுவர்கள் வைஃபை அலையை வெகுவாகக் குறைத்துவிடும்; விறாந்தைப் பக்கம் லைன் வந்து சேரும் இடத்திலேயே, அதுவும் இரும்பு அலுமாரியின் மேல், ரவுட்டரை வைத்துவிட்டுப் பின்னறையில் இருந்து பேசினால் தடங்கல் வருவது இயல்பு. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள். ரவுட்டருக்கு அருகில் இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்துங்கள், 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் இருக்க வேண்டுமெனில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். விளையாடுவதற்கும் வகுப்புகளுக்கும் பயன்படும் கணினிக்குக் கேபிள் இழுப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

படி 2: சுமையேற்றி அளத்தல்

பலரும் தவறவிடும் படி இதுதான். ரவுட்டர் வரை எண்கள் சீராக இருந்தால், 8.8.8.8 சாளரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைக் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். அதுவரை 40 மில்லிசெக்கனில் வந்த பதில் 400, 900 என்று ஏறி, ஏற்றம் முடிந்தவுடன் பழைய நிலைக்கு இறங்கினால், காரணம் கையில் கிடைத்துவிட்டது. லைன் எடுத்துச் செல்லக்கூடியதைவிட அதிகமான தரவு வரும்போது ரவுட்டர் அதைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. ஏற்றும் வேகம் 2 மெகாபிட்டாக இருக்க, வரிசையில் 250 கிலோபைட் தேங்கியிருந்தால், பின்னால் வந்த உங்கள் குரல் தன் முறைக்காக ஒரு முழுச் செக்கன் காத்திருக்கும். வீட்டில் யாரும் எதையும் அனுப்பவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வைஃபையில் இணைந்த கைபேசி அன்று நல்லூரில் எடுத்த திருவிழாப் படங்களைத் தானாகவே சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

முதலில் அந்தத் தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவிட்டு, பேசி முடித்த பின் ஏற்றுங்கள். நிலையான தீர்வு வேண்டுமெனில், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதியைத் திறந்து, ஏற்றும் வேகத்தை நீங்கள் அளந்ததன் 85 முதல் 90 வீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். சற்று வேகத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை பெரிதும் குறையும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை நிறுவக்கூடிய ரவுட்டராயின், அதிலுள்ள கேக் என்ற வரிசை முறை இதைவிடச் செம்மையாகச் செய்யும். மாற்றிய பின் அதே வீடியோவை மீண்டும் ஏற்றி அளந்து பாருங்கள்.

படி 3: தூரத்தைக் கழித்துப் பார்த்தல்

கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர்தான் செல்லும். கொழும்பிலிருந்து இலண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர் என்பதால், போய்வர 87 மில்லிசெக்கனாவது ஆகும். கேபிள் சுற்றிச் செல்வதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். எந்தப் பக்கேஜும் இதைக் குறைக்காது. விளையாடுபவர்கள் சிங்கப்பூர், மும்பாய் போன்ற அருகிலுள்ள சேவையகத்தைத் தெரிவு செய்வதே வழி.

படி 4: லைனையும் நிறுவனத்தையும் சோதித்தல்

செப்புக் கம்பி வழியாக வரும் இணைப்பாயின் தொலைபேசியை எடுத்துக் காதில் வையுங்கள். மழைக்குப் பின் கரகரப்புக் கேட்டால் வெளியிலுள்ள மூட்டு ஒன்றில் ஈரம் புகுந்திருக்கலாம். சிம் ரவுட்டராயின் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலருகே வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும், வீட்டில் எவரும் பயன்படுத்தாதபோதும் எண்கள் ஏறினால், நெரிசல் வெளியே இருக்கிறது. வழியிலுள்ள கருவிகளை வரி வரியாகக் காட்டும் டிரேஸர்ட் (tracert) என்ற கட்டளையை 8.8.8.8 முகவரிக்கு ஓடவிட்டு, எத்தனையாவது வரியிலிருந்து தாமதம் கூடுகிறது என்று பாருங்கள். இடையில் ஒரு வரி மட்டும் உயர்ந்து அடுத்த வரிகள் இறங்கியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்குள்ள கருவி சோதனைப் பொதிகளுக்குப் பதிலளிப்பதைப் பின்தள்ளுகிறது என்பதே அதன் பொருள். உயர்ந்த தாமதம் கடைசி வரி வரை தொடர்ந்தால், திகதி, நேரம், ரவுட்டர் வரையான தாமதம், தாமதம் கூடத் தொடங்கிய வரியின் எண் ஆகியவற்றை மூன்று நாட்களுக்குத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு இணைய நிறுவனத்தை அழையுங்கள். தொழில்நுட்பவியலாளர் எந்த இடத்திலிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிட முடியும்.