வாடைக்கு மட்டும் கட்டிய படகு: புயலுக்கு முன் செய்யக் கூடாதவை

போன ஐப்பசியில், புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒரு மதியம், எங்கள் துறையில் மூன்று பையன்கள் புது ஃபைபர் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு புதுசு, முடிச்சு கச்சிதம், உரசாமல் இருக்க ஓரத்தில் டயர்கூடத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் ஐந்து கயிறும் கரைப்பக்கமே போயின. "தெற்கே நங்கூரம் போடலையாடா?" என்றேன். "காத்து வடக்கேருந்துதானே மாமா வருது?" என்றான் மூத்தவன்.

2018 நவம்பர் 15 சாயங்காலம், கஜா புயலுக்கு முன்னால், இதே வார்த்தையை நான் என் மச்சானிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். டார்ச், தீப்பெட்டி, அரிசி, மருந்து எல்லாம் ரேடியோவே சொல்லிவிடும். சொல்லாமல் விடுபடுவது மட்டும் இங்கே.

ஒரு காற்றுக்கு மட்டும் கட்டுவது

சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் பக்கம் எங்கள் கரை தென்கிழக்கே பார்த்தது. புயல் கிழக்கேயிருந்து வரும்போது எங்களுக்கு முதலில் அடிப்பது வாடை, அதாவது வடக்குக் காற்று. அது தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அலை எழும்பாது, தண்ணீர்கூடக் கொஞ்சம் உள்வாங்கும். படகு கடலுக்குப் போய்விடுமோ என்கிற பயம் ஒன்றுதான் இருக்கும். அந்தப் பயத்தில் எல்லாக் கயிற்றையும் கரையில் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவோம்.

கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே 16-ஆம் தேதி அதிகாலையில் கரை ஏறியது. எங்கள் பக்கம் இரவு முழுக்க வாடைதான். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஊரோடு படுத்திருந்தோம், யாரும் தூங்கவில்லை. விடிவதற்கு முன்னால் திடீரென்று எல்லாம் அடங்கியது. தகரம் அடித்துக்கொள்கிற சத்தம் நின்று, குழந்தைகள் அழுவது காதில் விழுந்தது. நானும் மச்சானும் துறைக்கு ஓடினோம். படகு அப்படியே மிதந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. "தப்பிச்சிட்டோம் மாப்ளே" என்றார் மச்சான். தப்பித்ததாக நானும் நம்பினேன்.

புயல் என்பது ஒரு சக்கரம். நம் பக்கத்துக் கடலில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். அதன் நடு நம்மைத் தாண்டும்போது காற்று அடங்கும். தாண்டியதும் சக்கரத்தின் மறுபாதி வரும், காற்று நேர் எதிரே திரும்பிவிடும். வாடை அடித்த இடத்தில் தெற்கேயிருந்து அடிக்கும். எங்கள் கரைக்குத் தெற்கு என்றால் கடல். உள்வாங்கிய தண்ணீர் மொத்தமும் திரும்பி வருவதும் அந்த நேரத்தில்தான்.

நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் காற்றுக்கு வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது கரைக் கயிறுகள் ஐந்தும் மரத்தில் தொங்கின. வாடையில் விறைத்து நின்ற கயிறுகள் தெற்குக் காற்றுக்கு எந்த வேலையும் செய்யவில்லை. படகு தண்ணீரோடு ஏறி, பக்கத்து விசைப்படகில் மோதி, கருவைப் புதருக்குள் குப்புறக் கிடந்தது. ஒரு கயிற்று நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கத்தி வெட்டிய மாதிரி இல்லை. நைலான் உரசி உரசிச் சூடேறி, இழைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி கட்டியாக இருந்தது.

வீட்டு மூலையில் இரண்டு நங்கூரமும் ஒரு சுருள் கயிறும் சும்மா கிடந்தன. இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான். இல்லாமல் போயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன்.

எப்படிக் கட்ட வேண்டும்? கரையில் இரண்டு கயிறு, கடல் பக்கம் இரண்டு நங்கூரம், இரண்டும் விரிந்து நிற்க வேண்டும். நங்கூரக் கயிற்றின் நீளத்தை இப்போதைய ஆழத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) ஆழம் இருக்கிறது, தண்ணீர் இன்னொரு பாகம் ஏறலாம், அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், உயரம் அரைப் பாகம். ஆக இரண்டரை. அதற்கு ஏழு மடங்கு, பதினேழு பதினெட்டுப் பாகம் கயிறு விட வேண்டும். குட்டையாக விட்டால் தண்ணீர் ஏறும்போது அணியத்தை அதுவே கீழே இழுக்கும், இல்லாவிட்டால் நங்கூரத்தைப் பிடுங்கும். கயிறு படகு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் தாங்கிய கயிறு என்று 120-க்கு நம்பாதீர்கள்.

டிராக்டர் வைத்து மேட்டில் ஏற்ற முடிந்தால் இத்தனையும் வேண்டாம், ஏற்றிவிடுங்கள். ஏற்றிய படகு காலியாக இருந்தால் காற்றில் உருளும். எஞ்சினையும் வலையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, படகை மணலில் சமமாக உட்கார வைத்து, பாதிக்குத் தண்ணீர் நிரப்புங்கள்.

கூண்டு எண்ணைத் தப்பாகப் படிப்பது

எட்டை விட ஒன்பது பெரிய ஆபத்து, ஒன்பதை விடப் பத்து பெரிய ஆபத்து என்றே எங்கள் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாய எச்சரிக்கைதான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும், அதாவது காற்று அடங்கித் திரும்பும் என்று பொருள். 5, 6, 7-க்கும் இதே கணக்குதான். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.

கூண்டைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். புயலின் நடு உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். மணிக்கு ஒரு தரம் பார்த்தால் அது எந்தப் பக்கமாக நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

தென்னையில் கட்டுவது

வேண்டாம். கஜாவில் தென்னை எத்தனை விழுந்தது என்று தஞ்சாவூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பனை நின்றது.

தெற்கு ஜன்னலைத் திறந்து வைப்பது

வீட்டிலும் இதே தவறுதான். வடக்கு ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு, "காத்து உள்ளே போய் வெளியே வரட்டும்" என்று தெற்கே திறந்து வைக்கிறார்கள். காற்று திரும்பியதும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து கூரையைக் கீழேயிருந்து தூக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறப்பது பெரும்பாலும் மேலே அடிக்கிற காற்றால் மட்டும் இல்லை, உள்ளேயிருந்து முட்டுகிற காற்றும் சேர்ந்துதான். நான்கு பக்கமும் அடையுங்கள். கூரைக்கு மேலே பழைய வலையைப் போர்த்தி, நான்கு மூலையிலும் முளை அடித்து இறுக்கிக் கட்டலாம். எங்கள் அம்மா வீட்டு ஓட்டுக் கூரை அப்படித்தான் நின்றது.

தண்ணீர்த் தொட்டியை மின்சாரம் போவதற்கு முன்னால் நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி மாடியிலிருந்து பறக்கும். கஜாவுக்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, அதுவரை மோட்டார் ஓடவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு"

2024-இல் ஃபெஞ்சல் புயல் கடலிலேயே தயங்கித் தயங்கி நின்று, நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. நேரம் மாறிக்கொண்டே இருக்கும். காற்று மாலைக்கு என்று சொன்னால் காலையிலேயே கட்டி முடியுங்கள். நனைந்த கயிற்றில், மழை முகத்தில் அடிக்கும்போது நல்ல முடிச்சு விழாது.

படகைக் காக்கப் படகிலேயே தங்குவது

கூடாது.

அடங்கியதும் துறைக்கு ஓடுவது

நான் ஓடினேன். காற்று ஒரு அரைமணி முன்னால் திரும்பியிருந்தால் நானும் மச்சானும் தண்ணீருக்குள் நின்றிருப்போம். காற்று தெற்கே திரும்பி, அதுவும் அடங்கி, வெளிச்சம் வந்த பிறகு போங்கள். அப்போதும் தண்ணீரில் அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பியைப் பார்த்துக் கால் வையுங்கள்.

போட்டோ எடுக்காமல் விடுவது

கட்டி முடித்ததும் செல்போனில் பதிவு எண் தெரிய ஒன்று, எஞ்சினோடு ஒன்று, கயிறு எல்லாம் தெரிய ஒன்று எடுத்து, ஊரில் இல்லாத ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சேதம் கணக்கெடுக்க வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்டது எண்ணைத்தான். அது எழுதியிருந்த அணியப் பக்கம் உடைந்து, சேற்றில் எங்கேயோ போயிருந்தது. அடுத்த அலையாத்திக் காட்டு ஓரம் வரை இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை.