ஆர்டரை அல்ல, விற்பனையைப் பகிருங்கள்

சப்ளையரோடு சிஸ்டத்தை இணைத்து உடனுக்குடன் தகவல் பகிரப் போகிறீர்களா? முதலில் எதைப் பகிர்வது என்று முடிவு செய்யுங்கள். பலரும் ஆர்டரை மட்டும்தான் அனுப்புகிறார்கள், அது போதாது. கடையில் விற்பனை லேசாக ஏறினால் கடைக்காரர் கொஞ்சம் கூட்டி ஆர்டர் போடுவார், மொத்த வியாபாரி அதற்கு மேல் கூட்டுவார், கடைசியில் தொழிற்சாலைக்குப் போகும்போது அது பூதாகரமாகியிருக்கும். பி அண்ட் ஜி (புரோக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பரில் கவனித்தது இதைத்தான். குழந்தைகளுக்கு ஒரே சீராகத்தான் டயப்பர் மாற்றுகிறார்கள், ஆர்டர்கள்தான் குதித்தன. இதற்குச் சாட்டையடி விளைவு என்று பெயர்.

அதனால் தினசரி விற்பனை, கையிருப்பு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கு, இந்த மூன்றும் சப்ளையருக்குத் தெரிந்தால் போதும். விலை, லாபம் எல்லாம் வேண்டாம்.

அப்புறம் அலகு. நீங்கள் 40 என்று அனுப்பியது பெட்டிக் கணக்கு, அவர் சிஸ்டம் அதைத் தனி எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் கதை கந்தல், அதுவும் யாரையும் கேட்காமல் நொடியில் நடந்துவிடும். பொருளுக்குப் பொதுவான ஜிடிஐஎன் எண் (பார்கோடில் இருக்கும் உலகப் பொது அடையாள எண்), கூடவே அலகு, கடைசியாகப் புதுப்பித்த நேரம், ஒவ்வொரு வரியிலும் இவை இருக்கட்டும். வேறு வேறு நாடுகள் என்றால் நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் ஓடும் பத்துப் பொருட்களோடு தொடங்கினால் சரி, முதல் சில வாரம் இரு பக்க எண்களையும் கையால் ஒத்துப் பாருங்கள்.