வெளிநாடு கிளம்பும் நெல்லைக்காரர்களுக்கு: முதலில் சைக்கிள் பட்டறையைத் தேடுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு கிளம்புகிறீர்கள் என்றால், பெட்டியில் இட்லிப்பொடி வைக்கும் வேலையை வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் நான்கைந்து நாள் சாயங்காலம் போய் உட்காருங்கள். பஞ்சர் ஒட்டுவது, செயின் மாட்டுவது, பிரேக் கம்பி மாற்றுவது, முடிந்தால் வீல் கோட்டம் எடுப்பது, இவ்வளவு கைக்கு வந்தால் போதும். "ஏன்டே, அங்க பஞ்சர் கடை கிடையாதா?" என்று அண்ணாச்சி சிரிப்பார். கடை இருக்கிறது அண்ணாச்சி, கூலிதான் நமக்குக் கட்டாது.

அங்கே உழைப்புக்கு விலை அதிகம். பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, அதைக் கடையில் கொடுத்து முழுசாக ஓவராயில் பண்ணினால் சைக்கிள் விலையைத் தாண்டிவிடலாம். அதனால்தான் பல ஊர்களில் பொது சைக்கிள் பட்டறைகள் இருக்கின்றன. ஸ்டாண்டு, ஸ்பானர், பம்ப், பழைய உதிரி பாகங்கள் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சில இடங்களில் மணிக்கு இவ்வளவு என்பார்கள், சில இடங்களில் உண்டியலில் முடிந்ததைப் போட்டால் சரி. ஆனால் யாரும் உங்கள் சைக்கிளை வாங்கி ரிப்பேர் செய்து தரமாட்டார்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள், கையில் கிரீஸ் ஆவது உங்களுக்குத்தான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பைக் புராஜெக்ட் என்ற பட்டறை 2008இல் தொடங்கியது, அகதிகளாக வந்தவர்களுக்குச் சைக்கிள் கிடைக்கச் செய்யும் வேலையோடு. மெல்போர்னில் செரெஸ் என்ற பூங்காவுக்குள் பைக் ஷெட் என்று ஒரு பட்டறை உண்டு. பிரான்சில் இப்படிப்பட்ட பட்டறைகளுக்கென்றே லெரோ சிக்லாஜ் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்துகிறார்கள்.

பால்ரஸ், கோன், போக்கம்பி என்று சக்கரத்துப் பாகங்கள் எல்லாம் அங்கேயும் அதேதான், ப்ளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை தெரிந்த மாதிரிதான். மாறுவது சில. முக்கியமாக பிரேக்: நம்மூரில் வலது கை முன்சக்கரத்துக்கு, இங்கிலாந்திலும் அப்படித்தான், ஆனால் ஜெர்மனி, பிரான்ஸ், கனடா பக்கம் பெரும்பாலும் இடது கைதான் முன் பிரேக். பழக்கதோஷத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடதை அழுத்திப் பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்கவேண்டியதுதான், அதனால் முதல் நாள் காலி இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் காற்று. ஒல்லியான பிரெஸ்டா வால்வில் நுனியில் இருக்கும் சின்ன திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். தடித்தது நம் பைக், கார் வால்வேதான். இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதாவது இடப்பக்கம் திருகினால்தான் இறுகும் என்பது எந்த நாட்டிலும் மாறாது, அதைத் தெரியாமல் பலம் போட்டு மரையைத் தின்றுவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சைக்கிள் சரியானதோடு நின்றுவிடாதீர்கள், தொண்டு செய்ய வருகிறேன் என்று கேளுங்கள். வேலை தெரியாதே என்று தயங்கவேண்டாம். தானமாக வந்த ஓட்டை சைக்கிள்களைப் பிரித்து, நல்ல பாகத்தைத் தனியே எடுப்பது, நட்டு போல்ட்டுகளைப் பிரித்து டப்பாவில் போடுவது, டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பது, வருகிறவர்கள் பெயரை எழுதுவது, டீ போடுவது என்று புதுசாக வருகிறவர்களுக்கான வேலைகள் நிறைய. கோயில் கொடைக்குப் பந்தல் போடவும் பந்தி பரிமாறவும் யாரும் நம்மிடம் தகுதி கேட்பதில்லை, இதுவும் அப்படித்தான். சில பட்டறைகளில் இத்தனை மணி நேரம் வேலை செய்தால் ஒரு சைக்கிள் உனக்கு என்ற ஏற்பாடும் இருக்கும். பெண்களுக்கென்று தனி சாயங்காலம் ஒதுக்கும் இடங்களும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டால் இதில் பெரிய லாபம் ஆட்கள்தான். நம் ஆட்களோடு மட்டும் அறையில் அடைந்து கிடந்தால் ஒரு வருடம் கழித்தும் அந்த ஊர்ப் பேச்சு காதில் ஏறாது. ஸ்பானரை நீட்டிக்கொண்டே பேசும்போது தப்பும் தவறுமாகப் பேசினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை, கூடவே வாடகைக்கு எந்தத் தெரு நல்லது, மழைச் சட்டை எங்கே மலிவு என்ற விஷயங்களும் தானாக வந்து விழும்.

விசா விஷயத்தில் மட்டும் கவனம். இங்கிலாந்தில் மாணவர் விசாவில் தொண்டு என்பது வேறு, சம்பளமில்லாத வேலை என்பது வேறு. ஒப்பந்தம் போட்டு, கட்டாயம் வரவேண்டும் என்றால் அது வேலைக் கணக்கில் வந்து, வாரத்துக்கு அனுமதித்த மணி நேரத்தில் கழிந்துவிடலாம். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் ஏறாதீர்கள், அங்கே அது சட்டம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். தெருவில் யாரோ நம்பமுடியாத விலைக்கு நல்ல சைக்கிள் நீட்டினால் அது திருட்டு மாலாக இருக்கலாம், பிரேமில் நம்பர் சுரண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையிலேயே வாங்கினால் ரசீதும் கிடைக்கும், நல்ல பூட்டு எது என்றும் சொல்வார்கள்.